பயிற்சிப் பட்டியலில் ஒன்பது பேர்

"ஃபோன் வரலன்னா ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்? நீதான—"

"ரேணு, நான் சொல்றத கொஞ்சம் கேளேன்—"

"நீதான அண்ணி சொன்ன! ரத்தம் கொறச்சலா இருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிலருந்து ஃபோன் வரும்னு—"

"சொன்னேன். இல்லன்னு யாரு சொன்னா? ஆனா நாலு படி ஏறறதுக்குள்ள ஒனக்கு ஏன் இப்டி மூச்சு வாங்குது?"

"எட்டு மாசம் வயித்துல வெச்சிருந்தா ஒனக்கு வாங்காதா? இரு இரு. ஒனக்கும் ஒரு நாளு வரும். அப்ப நான் வந்து ஒன் மூச்ச எண்றேன்."

"வாயத் தொற."

"எதுக்கு?"

"தொறயேன்."

ரேணுகாதேவி வாயைத் திறந்தாள். நாக்கின் மேல் பச்சரிசி வெள்ளையாகக் கிடந்தது. நாக்கும் ஏறக்குறைய அதே நிறத்தில்தான் இருந்தது.

"எத்தினி நாளா திங்கற?"

"வாய் நமநமங்குது, திங்கறேன். அரிசிதான தின்னேன், ஆணியா தின்னேன்?"

"இன்னா, காலைலயே ரெண்டு பேருக்கும்?" சமையலறையிலிருந்து மாணிக்கம்மாளின் குரல் வந்தது. "ஒருத்தி வாயில ஒருத்தி வெரல வுட்டுக்கினு?"

"ஒண்ணும் இல்லம்மா. ஒன் மருமவ டாக்டருக்குப் படிக்கறா!"

அமுதவல்லி சிரிக்கவில்லை. நாத்தனாரின் கையைப் பிடித்து நகங்களைத் திருப்பிப் பார்த்தாள். ரேணு கையை இழுத்துக்கொண்டாள்.

செங்கத்தில் பிறந்த அமுதா, அஜயைக் கட்டிக்கொண்டு ஜமுனாமரத்தூருக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. மாமனார் தசரதன் காலமான பிறகு அவருடைய ஜீப்பை அஜய்தான் புதூர்நாட்டுப் பக்கம் ஓட்டுகிறான். அமுதாவுக்கு வேலை வாணியம்பாடியில் ஒரு கணினி நிறுவனத்தில். அடிவாரத்து டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் இருக்கும் பழைய பெரிய கணினியைப் பராமரிப்பது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கு வேண்டிய நிரல்களை அமுதா இங்கே முன்னறையில் உட்கார்ந்து மடிக்கணினியில் எழுதுவாள்.

ஒரு வருஷமாக அதற்கு மாமியார் வைத்திருந்த பெயர் 'பெட்டிகிட்ட பேசற வேல'.

பத்து நாட்களுக்கு முன்பு, சந்தை அன்று, பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஆஸ்பத்திரியின் முகாம் நடந்தது. மலையில் இருக்கிற கர்ப்பிணிகளுக்கெல்லாம் ரத்தப் பரிசோதனை. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த ரேணுவை அழைத்துக்கொண்டு மூன்று பேரும் போனார்கள். முடிவு எப்போது தெரியும் என்று ரேணு கேட்டபோது அமுதா கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். முடிவைப் பதிந்த அந்த நிமிஷமே, குறைச்சலாக இருந்தால், கூப்பிட வேண்டியவர்கள் பட்டியலில் பெயர் தானாகப் போய் விழும். ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். அதை எழுதியது நான்தான்.

அதைக் கேட்ட மாணிக்கம்மாள் திரும்பி, வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:

"பயப்படாதீங்கடி! ஃபோன் வந்தா கெளம்புங்க. வரலன்னா நிம்மதியா இருங்க. எம் மருமவ எழுதுனது அது!"

அன்று சாப்பிடும்போது அமுதா கேட்காமலே அவள் தட்டில் இரண்டாவது கரண்டி குழம்பு விழுந்தது. அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

இப்போது அமுதா மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா அண்ணி, அப்டியே பாத்துக்கினு இருக்க?"

"மத்தவங்க ரிப்போர்ட்ட நான் தொறந்து பாக்கக் கூடாது ரேணு. அது ரூல்."

"நான் மத்தவளா?"

"நீ வாயத் தொறந்து 'பாரு'ன்னு சொன்னா பாக்கலாம்."

"பாரு தாயே, பாரு. பாத்துட்டு என்ன நிம்மதியா அரிசி திங்க வுடு."

அமுதா பெயரைத் தட்டினாள். ரேணுகாதேவி, வயது இருபத்து நாலு, ஜமுனாமரத்தூர் முகாம். முடிவு பதிவான நாள் வெள்ளிக்கிழமை. இன்றைக்குச் செவ்வாய்.

ஹீமோகுளோபின் 6.2.

ஏழுக்குக் கீழே போனாலே கூப்பிட வேண்டும். அமுதா கூப்பிட வேண்டியவர்கள் பட்டியலைத் திறந்தாள். மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு கீழிருந்து மேலே பார்த்தாள். ரேணுவின் பெயர் இல்லை.

"இன்னா போட்டிருக்குது?"

"ஆறு புள்ளி ரெண்டு."

"அது நல்லதா?"

அமுதாவுக்கு ஒரு நொடி பொய் சொல்லத் தோன்றியது. நாத்தனாரின் வெளுத்த உதட்டில் ஒரு அரிசி ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"இல்ல ரேணு. ரொம்பக் கம்மி. இப்பவே கீழ போகணும்."

"அப்பறம் ஏன் ஃபோன் வரல?"

அமுதா எழுந்து வாசலுக்கு ஓடினாள். "என்னங்க! ஜீப்ப எடுங்க!"

அஜய் ஜீப்பில் ஏற்கனவே ஆறு பேரை ஏற்றியிருந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். காரணம் கேட்கவில்லை.

"எல்லாரும் எறங்குங்க. மன்னிச்சுக்குங்க. தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்ல."

"நூத்தியெட்டுக்குச் சொல்லலாமாங்க?"

"அது கீழேந்து ஏறி வரணும் அமுதா. அது வர்றதுக்குள்ள நாமளே எறங்கிடலாம். நீ அம்மாவக் கூப்புடு."

மாணிக்கம்மாள் கையில் கரண்டியோடு வந்து நின்றாள். "எதுக்குடா? அதான் ஃபோன் வரலியே?"

"வந்திருக்கணும் அத்த," என்றாள் அமுதா.

ரேணுவுக்கு மாற்றுத்துணி எடுத்து வைக்கும் நேரத்துக்குள், முன்னறையில் நின்றபடியே அமுதா வாணியம்பாடிக்குப் பேசினாள். கனீஸ் ஃபாத்திமா அவளுக்கு மேலதிகாரி. ஆஃபீசில் எல்லாரும் 'ஆபா', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஆபா, என் நாத்தனாருக்கு ஆறு புள்ளி ரெண்டு. முடிவு ஏறியிருக்கு. பட்டியல்ல பேரு இல்ல."

"நீ எழுதின டிரிக்கர் ஓடலயா?"

"தெரியல. நான் இப்ப கெளம்பறேன். வழியில சிக்னல் கெடைக்காது."

"லைன்ல இரு. ரெண்டு நிமிஷம்." அந்தப் பக்கம் விசைகள் தடதடத்தன. பிறகு நின்றன. "அரே அல்லா."

"இன்னா ஆபா?"

"டிரிக்கர் ஓடியிருக்கு அமுதா. ஒழுங்கா ஓடியிருக்கு. வேற லைப்ரரில எழுதியிருக்கு. பயிற்சி லைப்ரரி. அங்க இருக்கிற அழைப்புப் பட்டியல்ல ஒம்பது பேரு உக்காந்திருக்காங்க. எல்லாம் ஒங்க மலை ஆளுங்க."

அமுதா மடிக்கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பினாள்.

"முடிவு அசல் ஃபைல்ல இருக்கே?"

"இருக்கு. முகாம் ஸ்க்ரீன்ல அசல் லைப்ரரி பேரே போட்டு எழுதியிருக்கோம். அதனால முடிவு சரியான எடத்துக்குப் போச்சு. பதிஞ்சது யாருன்னு பாக்கறேன்... ம். பயிற்சி ஐடி. ஒம்பதும் பயிற்சி ஐடிலதான் பதிஞ்சிருக்கு."

"நான் டிரிக்கர்ல லைப்ரரி பேரு குடுக்கல ஆபா."

"தெரியும். நீ மொதல்ல கெளம்பு. ஒம்பது பேரோட நம்பரையும் நான் ஆஸ்பத்திரி அழைப்பு மேசைக்கு இப்பவே குடுத்துடறேன். அமுதா..."

"சொல்லுங்க."

"அந்தப் பொண்ணு பக்கத்துலயே இரு. பெட்டி எங்கயும் ஓடிப் போயிடாது."

ஜீப் ஆலங்காயம் போகும் மலைப்பாதையில் இறங்கியது. பின்னால் ரேணு தாயின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அமுதா முன் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை பெய்து விட்டிருந்தது. சாமை வயல்களின் மேல் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை.

"ஃபோன் ஏன் வரலன்னு யாராவது சொல்லுங்களேன்," என்றாள் ரேணு கண்ணை மூடிக்கொண்டே.

"நீ பேசாத. மூச்சப் புடிச்சு வெச்சுக்க," என்றாள் மாணிக்கம்மாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். "நீ சொல்லு."

அமுதா இருக்கையில் இன்னும் நன்றாகத் திரும்பிக்கொண்டாள்.

"அந்தக் கம்ப்யூட்டர்ல ரெண்டு லைப்ரரி இருக்குது அத்த. லைப்ரரின்னா வூடு மாதிரி வெச்சுக்குங்க. ஒண்ணு அசல். இன்னொண்ணு நர்சுங்க கத்துக்கறதுக்காகக் கட்டி வெச்சது. அசல்ல என்னென்ன இருக்குதோ அதே பேர்ல அங்கயும் இருக்குது. இங்கயும் ஒரு அழைப்புப் பட்டியல். அங்கயும் ஒரு அழைப்புப் பட்டியல்."

"ம்."

"நான் எழுதுனது ஒரு சின்ன புரோகிராம். டிரிக்கர்னு பேரு. முடிவுல ஒரு வரி விழுந்த ஒடனே அது தானா எழுந்து ஓடும். ஓடிப் போயி அழைப்புப் பட்டியல்ல பேர எழுதும்."

"எந்தப் பட்டியல்ல?"

அமுதா பதில் சொல்வதற்குள் வண்டியை வளைவில் ஒடித்தபடியே அஜய் சொன்னான்:

"புரியுதும்மா. போன மாசம் எனக்கே ஆச்சே. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் வெத மூட்டையத் தூக்கிப் போட்டு 'முனிசாமி வூட்ல குடுத்துடுண்ணா'ன்னான். எந்த ஊரு முனிசாமின்னு அவனும் சொல்லல, நானும் கேக்கல. போற வழியில மொதல்ல எந்த முனிசாமி வூடு வந்துச்சோ அங்க எறக்கிட்டேன். அவன் வாங்கி வெதச்சே புட்டான்."

"அதேதாங்க," என்றாள் அமுதா. "யாரு பதியறாங்களோ அவங்க ஐடிக்குன்னு ஒரு வழி இருக்குது. மொதல்ல எந்த லைப்ரரில தேடணும், அடுத்து எதுலன்னு. பயிற்சி ஐடியோட வழியில பயிற்சி லைப்ரரிதான் மொதல்ல வரும். டிரிக்கர் அங்கயே பட்டியலப் பாத்துச்சு. எழுதிட்டு வந்துடுச்சு."

"யாரு தப்பு?" என்றாள் மாணிக்கம்மாள்.

ஜீப் இன்னொரு வளைவு திரும்பியது.

"என் தப்பு அத்த. எந்த லைப்ரரின்னு நான் சொல்லி அனுப்பல. சோதிச்சுப் பாத்தப்ப என் ஐடிலயே பாத்தேன். என் வழியில அசல்தான் மொதல்ல. அதனால எல்லாம் சரியாவே வந்துச்சு. வேற ஐடில ஒரு தடவ கூட ஓட்டிப் பாக்கல."

மாணிக்கம்மாள் மகளின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"வரிசைல நின்னவங்க அத்தினி பேருகிட்டயும் சொன்னேனே," என்றாள். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை.

அமுதாவுக்கு அதைவிட இரண்டு அறை வாங்கியிருந்தால் தேவலை போலிருந்தது.

"அம்மா," என்றாள் ரேணு. "அண்ணி இன்னிக்கி என் வாயத் தொறந்து பாக்கலன்னா நான் அரிசி மூட்டையக் காலி பண்ணிட்டு இருந்திருப்பேன்."

"பேசாதன்னு சொன்னேன்."

"பேசல. அவள என் கால வுடச் சொல்லு. கிச்சுக்கிச்சு மூட்டறா."

அமுதா காலை விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் நின்றதும் மாமியார் மகளைத் தாங்கி இறக்கினாள்.

டாக்டர் ரேணுவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார். மாணிக்கம்மாளிடமும் கேட்கச் சொல்லிக் கருவியைக் கொடுத்தார்.

"கொழந்த நல்லா இருக்குதும்மா. தாய்க்குத்தான் ரத்தம் ஏத்தணும். வலி எடுத்ததுக்கு அப்பறம் வந்திருந்தீங்கன்னா எங்களுக்கு ரொம்பக் கஷ்டமாப் போயிருக்கும்."

"ஃபோன் வரல டாக்டர்," என்றாள் மாணிக்கம்மாள். மருமகளின் பக்கம் திரும்பவில்லை.

பன்னிரண்டு மணிக்கு முதல் பாட்டில் ஏறத் தொடங்கியது. அஜய் வாங்கி வந்த இட்லியை யாரும் தொடவில்லை. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அமுதா மடியில் கணினியை வைத்துக்கொண்டாள்.

முதலில் முகாம் நர்ஸ் காந்தாவைக் கூப்பிட்டாள். காந்தா ஒரே மூச்சில் பேசினாள்.

"ஐயோ மேடம், நான் தெரிஞ்சு பண்ணல மேடம். என் பாஸ்வேர்டு லாக்காயிடுச்சு. தொறக்கணும்னா கீழ ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டுச் சொல்லணும். பள்ளிக்கூடத்துல கேபிள் நெட்டு இருக்குது, ஃபோன் சிக்னல் இல்ல. வெளிய போயி நின்னு போடலாம்னா நாப்பது பேரு வரிசைல நிக்கறாங்க. ட்ரெய்னிங் குடுத்தப்ப லேப்டாப் மூடியில ஒரு சீட்டு ஒட்டிட்டுப் போனாங்க இல்ல, அந்த ஐடிய போட்டேன். தொறந்துச்சு. அப்பறம் ரிசல்ட் வந்தப்பவும் அதுலயே போட்டேன். ஏத்துக்கிச்சு மேடம். பச்சையா டிக் கூட வந்துச்சு!"

"வரும். முடிவு சரியான எடத்துலதான் ஏறுச்சு."

"அப்ப இன்னா மேடம் தப்பு?"

"ஒங்க மேல தப்பு இல்ல. அந்தச் சீட்ட மட்டும் கிழிச்சுப் போட்டுருங்க."

பிறகு கனீஸ் ஆபாவைக் கூப்பிட்டாள்.

"ஆபா, சரி பண்ணிட்டேன். டிரிக்கர்ல அசல் லைப்ரரி பேரையே போட்டுட்டேன். இனி யாரு எந்த ஐடில வந்தாலும் அங்கதான் எழுதும். ஏத்திடவா?"

"ஏத்தாத."

"ஏன்?"

"அதே டிரிக்கர்தான பயிற்சி ஃபைல்லயும் தொங்குது? நாளைக்கி புது நர்சுங்க கத்துக்கறதுக்காகப் பொய்யா நாலு முடிவு போடுவாங்க. ஒன் டிரிக்கர் அத அசல் பட்டியல்ல கொண்டு போய் எழுதும். நல்லா இருக்கிற பொண்ண ஆஸ்பத்திரிக்கு வா வான்னு பயமுறுத்துவாங்க. ரெண்டு தடவ அப்டி நடந்தா அப்பறம் நெஜமான ஃபோன யாரு நம்புவா?"

அமுதா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "அவசரத்துல யோசிக்கல."

"சாப்ட்டியா?"

"இல்ல ஆபா."

"தெரியுது. டிரிக்கர எழுப்பும்போது சிஸ்டம் அது கையில ஒரு சீட்டு குடுக்குது இல்ல? அதுல இன்னா இருக்கும்?"

"எந்த ஃபைல்ல வரி விழுந்துச்சு... அந்த ஃபைலு எந்த லைப்ரரில இருக்குது..." அமுதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கெளம்பின லைப்ரரி பேரு கையிலயே இருக்குது!"

"இருக்குது. ஐடியோட வழியப் பாக்காத. நீயா ஒரு பேர அடிச்சு வெக்காத. எந்த லைப்ரரிலருந்து எழுப்பினாங்களோ அந்த லைப்ரரிலயே போயி எழுதச் சொல்லு. அங்க பட்டியல் இல்லன்னா?"

"சும்மா இருக்கக் கூடாது. அந்தப் பதிவையே நிறுத்திடணும். செவப்பா காட்டணும்."

"இப்ப நீ அமுதா. இட்லி தின்னுட்டு எழுது."

பதினேழு வரிகள்தான். எழுத இருபது நிமிஷம் ஆனது. எழுதியதை மூன்று தடவை படித்தாள். ஆபாவும் படித்துச் சரி என்ற பிறகு ஏற்றினாள். பிறகு, இதற்கு முன் செய்யாமல் விட்டதைச் செய்தாள். ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கிக்கொண்டு, பயிற்சி ஐடியில் நுழைந்து, முகாம் திரையில் ஒரு பொய் முடிவைப் பதிந்தாள். பெயரும் ஃபோன் நம்பரும் கனீஸ் ஃபாத்திமாவுடையது. ஹீமோகுளோபின் நான்கு.

மூன்று நிமிஷத்தில் ஆபாவின் அழைப்பு வந்தது.

"அமுதா, எனக்கு ஃபோன் வந்துடுச்சு. ஒடனே கெளம்பி வரணுமாம். தொணைக்கு ஆளு இருக்காங்களான்னு எவ்ளோ அன்பா கேக்குது அந்தப் பொண்ணு! நாப்பத்தெட்டு வயசுல இது எத்தினாவது மாசம்னு வேற கேட்டுச்சு!"

அமுதா காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். பொய்ப் பதிவை அழித்துவிட்டு, அடுத்து பயிற்சி ஃபைலில் ஒரு வரி போட்டாள். அது பயிற்சிப் பட்டியலிலேயே விழுந்தது. அசல் பட்டியல் அசையவில்லை.

"இன்னொண்ணு," என்றாள் கனீஸ். குரல் மாறியிருந்தது. "ஆஸ்பத்திரிக்கு நான் எழுதிக் குடுக்கணும். இன்னா நடந்துச்சு, யாரு எழுதினதுன்னு. நான் 'எங்க டீம்'னு போட்டுக்கறேன். அத நானும்தான் படிச்சுப் பாத்து ஓக்கே பண்ணேன். ஒன் பேரு வேணாம்."

"என் பேரப் போடுங்க ஆபா."

"ஒங்க மலைக்காரங்க ஆஸ்பத்திரி அது. ஒன் மாமியார் வூடே வந்து போற எடம்."

"அதனாலதான். போடுங்க. ஒம்பது பேருல எத்தினி பேரு வந்தாங்க?"

"ஒன் நாத்தனாரோட எட்டு. மூணு பேரு வந்துட்டாங்க, நாலு பேரு வழியில. ஒருத்தி மட்டும் வரல. பூங்காவனம். புதூர்நாட்டுப் பக்கம். அஞ்சு புள்ளி நாலு, அமுதா. எல்லாரையும் விடக் கம்மி. நம்பரு அவ மாமியார்கிட்ட இருக்குது. ஆஸ்பத்திரிலருந்து மூணு தடவ பேசிட்டாங்க. மூணு தடவையும் அந்தம்மா கட் பண்ணிட்டாங்க."

"ஏன்?"

"பேரு சொல்லுங்க, ஊரு சொல்லுங்க, வயசு சொல்லுங்கன்னு கேட்டிருக்காங்க. ஏமாத்தறவன்னு நெனச்சுட்டாங்க. 'ஓடிபியும் வேணுமாடி ஒனக்கு'ன்னு திட்டிட்டு வெச்சுட்டாங்களாம்."

அமுதா நம்பரை வாங்கித் தானே போட்டாள். எடுத்தார்கள்.

"அம்மா, நான் ஆஸ்பத்திரிலருந்து பேசறேன். உங்க மருமகள் பூங்காவனம்—"

"இன்னிக்கி பொயுது விடிஞ்சதுலருந்து இது நாலாவது. வேற வேல இல்ல ஒங்களுக்கு? வெய்யி ஃபோன!"

துண்டிக்கப்பட்டது.

அஜய் ஜீப் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். "ஊரச் சொல்லு. நான் போறேன்."

"நீங்க இங்கேந்து திரும்பி ஏறி, புதூர்நாட்டுக்குப் போயி, அங்கேந்து உள்ள போறதுக்குள்ள மூணு மணி நேரம் ஆயிடும். அவங்க தயாரா இருக்கணுமே. போயி நின்னா மட்டும் அனுப்பிடுவாங்களா?"

வார்டுக் கதவு திறந்தது. மாணிக்கம்மாள் வெளியே வந்தாள். எவ்வளவு நேரமாகக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள் என்று தெரியவில்லை. பெஞ்சில் இருந்த இட்லிப் பொட்டலத்தைப் பார்த்தாள். பிரித்து, ஒன்றை விண்டு மருமகளின் கையில் வைத்தாள்.

"தின்னு."

"அத்த..."

"ரேணு தூங்கறா. ஒதடு கொஞ்சம் செவந்திருக்குது. வந்து பாரு அப்பறமா." அவள் அமுதாவின் அருகே உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "பேரப் போடுன்னு சொன்னியே யார்கிட்டயோ. போட்டா வேல போயிடுமா?"

"தெரியல அத்த."

"போனா போவுது. வேற தேடிக்கலாம்." மீதி இட்லிப் பொட்டலத்தை மடித்து வைத்தாள். "ஒன்னாண்ட மட்டும் இல்ல தப்பு. நீ எங்க ரெண்டு பேருக்குச் சொன்னத நான் ஊருக்கே சொன்னேன். அந்த நம்பர போடு."

"திட்டறாங்க அத்த."

"ஏமாத்தறவன் இவ்ளோ நேரம் திட்டு வாங்கிக்கினு இருக்க மாட்டான்னு அவளுக்குத் தெரிய வேணாமா? போடு."

அமுதா போட்டாள். ஸ்பீக்கரைத் தட்டி மாமியாரின் கையில் கொடுத்தாள். மணி நெடுநேரம் அடித்தது.

"மறுபடியுமா!" என்றது அந்தக் குரல்.

"அக்கா, வெச்சுடாதீங்க. நான் ஆஸ்பத்திரிக்காரி இல்ல. ஜமுனாமரத்தூரு. ஜீப்பு ஓட்டுவாரே தசரதன், அவரு பொஞ்சாதி மாணிக்கம்."

"...எந்த தசரதன்? வாரா வாரம் எங்களுக்கு மண்ணெண்ண ஏத்தினு வருவாரே, அவரா?"

"அவருதான்."

"அந்தப் புண்ணியவானா. போயிட்டாருன்னு சொன்னாங்களே."

"ரெண்டு வருசம் ஆச்சு. அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. எம் பொண்ணுக்கும் எட்டு மாசம். இங்க ரத்தம் ஏத்திக்கினு படுத்திருக்கா. ஃபோன் வரல, ஃபோன் வரலன்னு சும்மா இருந்துட்டோம். ஃபோன் வர வேண்டிய எடத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்த வேலையப் பாக்கறது எம் மருமவதான். தப்பும் அவளுதுதான். அத மொதல்ல கண்டுபுடிச்சவளும் அவதான். காலைலருந்து சோறு தண்ணி இல்லாம ஒங்க வூட்டுப் பொண்ணுக்காகத்தான் உக்காந்திருக்கா."

அந்தப் பக்கம் யாரோ மாட்டை அதட்டும் சத்தம் கேட்டது.

அமுதாவின் கையில் இட்லி அப்படியே இருந்தது. மாமியார் அவள் முழங்காலின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ஒங்க பொண்ணுக்கு எம் பொண்ண விட ரத்தம் கம்மியா இருக்குது அக்கா. எம் புள்ள அவங்கப்பா ஜீப்ப எடுத்துக்கினு இப்பவே கெளம்பறான். நீங்களும் கூட வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

அஜய் சாவியோடு வாசலை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தான்.

"நல்லாத்தான இருக்கா..." என்றது குரல். வேகம் குறைந்திருந்தது. "காலைல கூழு குடிச்சுட்டு சாமக் காட்டுக்குக் களைக்குப் போனா. மத்தியானத்துக்கு வந்துடுவேன்னா. இன்னும்..."

நின்றுவிட்டது. மாணிக்கம்மாள் ஃபோனை வாயருகே கொண்டு போனாள்.

"தனியாவா அக்கா போனா?"